முழு மார்க் வாங்கிய வைஃபை

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருந்த அந்த ஷூ கம்பெனியில், 2008ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வைஃபை நிறுவப்பட்டது. அது கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதால், அதைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் பொறுப்பு சிஸ்டம்ஸ் ஆபீசர் கிருபானந்தத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

கிருபானந்தம் அன்றே சுற்றறிக்கை எண் 14 வெளியிட்டார். ஷூக்களை வாங்கும் ஜெர்மன் பையரின் டிசைன், கலர் பற்றிய மெயில்களைக் கம்பெனி கொடுக்கும் பன்னிரண்டு போன்களில் மட்டுமே திறக்க வேண்டும். கம்ப்யூட்டரில் திறந்தால் பின்னால் நிற்பவர் எட்டிப் பார்ப்பார். பாதுகாப்புச் சான்றிதழ் என்னும் கோப்பை ஏற்றிய போனில்தான் வைஃபை வரும். போனின் எந்த அமைப்பையும், எவரும், எக்காரணம் கொண்டும் மாற்றலாகாது. ‘மாற்றலாகாது’ என்று எழுதியதும் அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

சனிக்கிழமை, முதலாளியின் காரில் பெட்டியோடு வந்திறங்கிய போன்களில் சான்றிதழை ஏற்றினார். பன்னிரண்டிலும் வைஃபை வந்தது. மறுநாள் சர்ச்சில் பிரசங்கம் ஒரு பக்கம் ஓட, அவர் மனம் சான்றிதழிலேயே இருந்தது.

திங்கட்கிழமை ஒன்றில்கூட வரவில்லை.

“இன்னா கிருபா சார், சான்றிதழ் செல்லாதுன்னு காட்டுது?” என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர் நிசார் அஹமது. “பையர் கலர் பத்தி மெயில் அனுப்பறேன்னாரு. நாப்பதாயிரம் ஜோடி. கட்டிங் ஆரம்பிக்கணும்.”

“திரும்ப ஏத்திட்டா வந்துடும் பாய்.”

ஏற்றினார். செல்லாது என்றது. அழித்துவிட்டு ஏற்றினார். செல்லாது. செவ்வாய்க்கிழமை அவர் மேஜை முன் வரிசை நின்றது. வரிசை நின்றதால் ஒரு ரெஜிஸ்டர் போடப்பட்டது. ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதற்கே பாதி நாள் போயிற்று. வியாழக்கிழமை பையர் தரப்பில் ஆடிட்டர் வருகிறார். தகவல் பாதுகாப்பில் தேறாவிட்டால் ஆர்டர் ராணிப்பேட்டைக் கம்பெனி ஒன்றுக்குப் போய்விடும். கிருபானந்தத்துக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை, கேட்டில் போன்களைச் சோதிக்கும் சுகரா பேகம் அவரை நிறுத்தினார்.

“சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? டிசைன போட்டோ புடிச்சிட்டுப் போய்டுவாங்கன்னு, எல்லார் போன்லயும் பேட்டரிய கழட்டி, அடியில மெமரி கார்டு இருக்கான்னு பாக்கச் சொன்னீங்க இல்ல? மொதலாளி கார்ல வந்த அன்னிக்கு இதுங்கள கழட்டல, திங்கட்கிழமைலேர்ந்து தினம் கழட்டி மாட்றேன். மாட்டினதும் இந்தப் போனுங்க தேதிய மறந்துடுது. ரெண்டாயிரம், ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது. இந்த வருஷம் குடுத்த சான்றிதழ் எட்டு வருஷம் முன்னாடி எப்டி சார் செல்லும்?”

பேட்டரியைக் கழற்றச் சொன்னது சுற்றறிக்கை எண் 9. எழுதியவர் கிருபானந்தம். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

“கேட்லயே நான் தேதிய மாத்தி வெச்சிடட்டா சார்?”

“கூடாது! போன்ல எதையும் மாத்தக் கூடாதுன்னு பதினாலுல இருக்கு.”

“அப்ப பேட்டரிய கழட்டாம விட்டுடறேன்.”

“ஒம்பது இருக்கேம்மா.”

“ரெண்டும் நீங்க போட்டது தானே?”

“போட்டவனே மீறினா யார் மதிப்பாங்க? நாளைக்கு ஆடிட். இன்னிக்குத் திருத்தினா, நேத்து வரைக்கும் தப்பா இருந்துச்சுன்னு ஆய்டாதா?”

ஆனாலும் அவர் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. விதிவிலக்கு கோரி ஒரு விண்ணப்பம் எழுதினார். பெறுநர் என்ற இடத்தில் ‘சிஸ்டம்ஸ் ஆபீசர்’ என்று குறித்தார். பிறகு தானே அதைப் பெற்றுக்கொண்டு, சீல் குத்தி, ‘பரிசீலனையில்’ என்று எழுதிக் கோப்பில் வைத்தார்.

வியாழக்கிழமை ஆடிட்டர் தன் போனில் முயன்றார். வைஃபை வரவில்லை. லேப்டாப்பிலும் இல்லை. கம்பெனியின் பன்னிரண்டு போன்களையும் வாங்கிப் பார்த்தார்.

“உங்க ஆளுங்களாலயே உள்ள போக முடியலையா?”

“யாராலயும் முடியாது சார்,” என்றார் கிருபானந்தம்.

ஆடிட்டர் எழுந்து கை கொடுத்தார். இத்தனை வருட சர்வீஸில் இப்படியொரு பாதுகாப்பை அவர் பார்த்ததில்லையாம். நூற்றுக்கு நூறு போட்டார். முதலாளி சால்வை போர்த்தினார். நிசார் அஹமது மட்டும் கை தட்டவில்லை.

“கலர் மெயில் இன்னும் பாக்கலயே?”

“சாம்பிள்ல மாம்பழ மஞ்சள் தானே? அதையே போடுங்க பாய்,” என்றார் முதலாளி.

கப்பல் போய்ச் சேர்ந்ததும் பையர் போனில் கத்தினார். மஞ்சள் வேண்டாம், கருப்பு போடுங்கள் என்று அந்தத் திங்கட்கிழமையே எழுதியிருந்தாராம். நாற்பதாயிரம் ஜோடியும் வந்த வழியே திரும்பின. ரம்ஜான், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று எந்த மதத்தையும் விடாமல் ஊழியர்களுக்கு வழங்கப்பட்டன. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் ஷூ போட்டவர்கள் மஞ்சள் ஷூ போட்டவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நூற்றுக்கு நூறு எப்படி வாங்குவது என்று தெரிந்துகொள்ள மற்றக் கம்பெனிக்காரர்கள் வந்து, இரண்டு சுற்றறிக்கைகளையும் ஜெராக்ஸ் எடுத்துப் போனார்கள்.

ஜனவரியில் ஒருநாள், கேட்டில் சுகரா பேகம் வழக்கம்போல் கிருபானந்தத்தின் போனிலிருந்து பேட்டரியைக் கழற்றினார். அந்தம்மா காலிலும் மஞ்சள், இவர் காலிலும் மஞ்சள்.

“சார், அந்த விண்ணப்பம் இன்னா ஆச்சு?”

“நிராகரிச்சுட்டேம்மா,” என்றார் கிருபானந்தம். “முழு மார்க் வாங்கின சுற்றறிக்கையில கை வெக்க எனக்கு இன்னா அதிகாரம் இருக்கு?”