ஜி.எம். படுக்கப்போகும் மெத்தை

மெத்தையின் ஓரத் தையலைத் தணிகைவேல் விரல்களால் விரித்துப் பார்த்தபோது, மூட்டைப்பூச்சிகள் ரேஷன் கடைக் கூட்டம்போல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட ஓடவில்லை.

"குப்புராஜு! இங்க வாய்யா. இது இன்னா?"

வாட்ச்மேன் குப்புராஜ் கேரவனுக்குள் தலையை மட்டும் நீட்டினார். "மூட்டப்பூச்சி சார்."

"அது தெரியுது. இது எப்படி இங்க வந்துச்சு?"

"வண்டியிலதான் சார் வந்திருக்கும். நடந்தா வரப்போகுது?"

தணிகைவேல் மெத்தையின்மேலேயே உட்காரப்போய், சுதாரித்துக்கொண்டு நின்றார். காலை மணி எட்டு. ஊத்துக்கோட்டையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவருக்கு இன்னும் நாஷ்டாகூட ஆகவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கட்டடக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அவர் நிர்வாக உதவியாளர். உதவியாளர் என்றால், வேறு யாருடைய வேலையாகவும் இல்லாத வேலையெல்லாம் அவருடையது. கேன்டீன் தயிர் புளித்தாலும் அவர்தான், கழிவறைக் குழாய் ஒழுகினாலும் அவர்தான், ஸ்கிராப் குவியலில் சாரைப்பாம்பு தென்பட்டாலும் அவர்தான். இப்போது புது ஜி.எம். வந்து தங்கப்போகிறார். அவருக்கான குவார்ட்டர்ஸில் கூரை ஒழுகுகிறது, ரிப்பேர் முடிய இன்னும் பத்து நாளாகும். ஓட்டலில் ரூம் போடுகிறோம் என்றதற்கு, வேண்டாம், ஆலைக்குள்ளேயே தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். அதனால்தான் இந்தக் கேரவன். கட்டில், சோபா, ஏசி, பாத்ரூம் எல்லாம் உள்ள வண்டி. நேற்றுச் சாயங்காலம் வாடகைக்கு வந்து இறங்கியது. ஜி.எம். வருவது இன்று மாலை ஆறு மணிக்கு.

பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனிக்குப் போன் செய்தார். பத்து மணிக்குள் ஆள் வந்துவிடுவான் என்றார்கள்.

"குப்புராஜு, மாஸ்க் போட்டுக்கினு, பையை மாட்டிக்கினு ஒரு ஆள் வருவான். ரிஜிஸ்டர்ல எழுது, கேள்வி கேளுன்னு நிக்க வைக்காத. நேரா எங்கிட்ட அனுப்பு."

"சரி சார்."

ஆள் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று நினைத்ததுதான் தணிகைவேல் செய்த முதல் தப்பு. மே மாத வெயிலில் மெத்தையைக் காயப்போட்டால் பாதிப் பூச்சி செத்துவிடும் என்று தோன்றியது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஸ்டீவனைக் கூப்பிட்டு, மெத்தையை வெயில் படுகிற இடமாகப் பார்த்துப் போடச் சொன்னார். ஸ்டீவனும் நல்ல மேடான இடமாகப் பார்த்துத்தான் போட்டான். கம்பிக் கட்டுகளின்மேல்.

கம்பி பார்ப்பதற்குக் கறுப்பாக, ஆறிப்போனதுபோலத்தான் இருந்தது. விடியற்காலை ஷிஃப்டில் உருட்டிய கம்பி என்பது கருகல் வாடை வந்தபிறகுதான் தெரிந்தது. புரட்டிப் பார்த்தால், மெத்தையின் அடிப்பக்கம் முழுக்க வரிவரியாகத் தீய்ந்திருந்தது.

"மூட்டப்பூச்சி செத்திருக்கும் சார்" என்றான் ஸ்டீவன்.

"மெத்தையும் செத்துப்போச்சுடா!"

மாற்று மெத்தைக்கு எங்கே போவது? செக்யூரிட்டி ஆட்கள் தூங்கும் அறையில் ஒரு புது மெத்தை இருக்கிறது என்றார் குப்புராஜ். புதுசுதான். ஆனால் அது இரண்டு மாதமாகப் பழைய மெத்தைகளோடு ஒரே அறையில் குடித்தனம் நடத்தியிருந்தது. கேரவன் கட்டிலில் போட்டு, விரிப்பை இழுத்துவிட்டு, ஒரு தட்டுத் தட்டினார் தணிகைவேல். கேரவனில் ஏற்கெனவே இருந்தவற்றைவிடக் கொழுத்த சாதியாக நாலைந்து வெளியே வந்து, புது இடத்தைச் சுற்றிப் பார்த்தன.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில்தான் மாஸ்க் போட்ட மனிதர் ஒருவர் வந்து எதிரே நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் ஒரு பை. ரயிலடியிலிருந்து நடந்தே வந்திருப்பார் போலிருந்தது.

"வணக்கம். இங்க தணிகைவேல்ங்கிறது..."

"நான்தான். வா நைனா, வா. பத்து மணின்னு சொல்லிட்டு பதினொன்னரைக்கு வர்றியே, நியாயமா? சரி, மிஷின் எங்க?"

"மெஷினா? மெஷினெல்லாம் உள்ளதானே இருக்கும்?"

"அது கம்பி உருட்டற மிஷின். அது மூட்டப்பூச்சியப் புடிக்குமா? கைய வீசிக்கினு வந்து நிக்கறியே! மருந்தாவது எடுத்தாந்தியா?"

"மருந்தா? இல்ல, நான் வந்து..."

"தெரியும், பின்னாடி வண்டியில வருதுன்னுவ. உங்க கம்பெனிக்கே இதான் பொழப்பு. மொதல்ல உள்ள வந்து பாரு, வா."

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மாஸ்க்காரர் கட்டிலைப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார். திரைச்சீலை மடிப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல யாரு தங்கப்போறாங்க?"

"புது ஜி.எம்.மு. எங்களுக்குன்னு வந்து வாய்ச்சாரு பாரு! ஓட்டல் வேணாமாம், கார் அனுப்பறோம்னா அதுவும் வேணாமாம். நானே வந்துக்கறேன்னாராம். கஞ்சப் பிசினாறி. அந்த ஆளு மட்டும் ஒழுங்கா ஓட்டல்ல போய்ப் படுத்திருந்தா, எனக்கு இந்தப் பேஜாரு உண்டா?"

மாஸ்க்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பையை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"ஒரு சேஃப்டி பின்னும், மக்குல சோப்புத் தண்ணியும் கிடைக்குமா?"

தணிகைவேல் கொண்டுவந்து கொடுத்தார். மனிதர் தரையில் மண்டிபோட்டு, தையல் தையலாகச் சேஃப்டி பின்னைக் கொண்டு நெம்பி, பூச்சிகளை ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீரில் போட ஆரம்பித்தார். கை பழக்கப்பட்ட கையாக இருந்தது.

"ஹாஸ்டல்ல ஆறு வருஷம் இதுங்களோடதான் தூங்கினேன்" என்றார்.

"நல்லாத்தான் பண்ற நைனா. ஆனா இப்படி ஒவ்வொன்னா புடிச்சா தீவாளி வந்துடும். ஆறு மணிக்குள்ள முடிக்கணும். பாய்லர்லேர்ந்து ஸ்டீம் ஓஸ் இழுத்துக்கினு வந்து ஒரே புடியா புடிச்சிட்டா?"

"வேண்டாங்க. கதவை ஜன்னலையெல்லாம் மூடி, வண்டியை வெயில்ல விட்டாலே போதும். அந்தச் சூட்டுக்கே நிறைய செத்துடும். ஸ்டீம் விட்டா ஏசி போயிடும்."

"நீ மருந்தடிக்கற ஆளு. இத்த நான் பாத்துக்கறேன்."

ஸ்டீம் ஓஸ் வந்தது. இரண்டே நிமிடம்தான். ஏசி ஒருமுறை இருமிவிட்டு நின்றது. மேலே ஒட்டியிருந்த வெல்வெட் துணி, பசை இளகி, மெதுவாகப் பந்தல்போல் இறங்கி இருவர் தலைமேலும் விழுந்தது.

"ஏசி?" என்றார் தணிகைவேல், துணிக்குள்ளிருந்தே.

"போயிடுச்சு" என்றது பக்கத்துக் குரல்.

வெளியே வந்து இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். குப்புராஜ் டீ வாங்கிவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டுத் தணிகைவேல் கிளாஸைப் படியில் வைத்தார்.

"நைனா, உனக்கு இன்னா, மருந்த அடிச்சா உன் வேல முடிஞ்சுது. ராய்ப்பூர் ஆலைக்கு ஆறு பேர மாத்தறாங்க. லிஸ்ட்டுல மொத பேரு என்னுது. அதுல கையெழுத்துப் போடறதே இந்த ஜி.எம்.மு. எம் பொண்ணு நந்தினி வர்ற ஜூன்ல பன்னண்டாவது போறா. எங்கம்மாவுக்கு வாரத்துக்கு ரெண்டு தபா டயாலிஸிஸ். நான் எங்கேர்ந்து ராய்ப்பூர் போறது? இன்னிக்கு ராத்திரி அந்த ஆள ஒரு பூச்சி கடிச்சாகூட நாளைக்கு நான் ரயில்ல கீறேன்."

மாஸ்க்காரர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அவர்கிட்டயே நேர்ல சொல்லலாமே?"

"எங்க சொல்றது? அவங்கள்லாம் கேக்கவா வர்றாங்க? கையெழுத்துப் போட வர்றாங்க. இருபத்திரண்டு வருஷத்துல நாலு ஜி.எம்.மப் பாத்துட்டேன். ஒருத்தராவது எம் பேர ஒழுங்கா சொல்லியிருப்பாரா? தங்கவேல், பழனிவேல், இன்னா இன்னாவோ சொல்லுவாங்க."

"தணிகைவேல்" என்றார் மாஸ்க்காரர், பாடம் ஒப்பிப்பதுபோல.

"ஆங், நீ சொல்ற பாரு."

அதன்பிறகு மாஸ்க்காரர் சொன்னபடியே வேலை நடந்தது. தணிகைவேலுக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. கேரவனை மூடி நடு வெயிலில் மூன்று மணி நேரம் விட்டார்கள். பிறகு இருவருமாகப் பெருக்கித் துடைத்தார்கள். தொங்கிய துணியை ஸ்டீவன் கத்தரித்து எடுத்தான். செக்யூரிட்டி மெத்தை வெளியே போனது. ஆலை ஸ்டோரிலிருந்து புது ரப்பர் ஷீட்டைச் சுருளோடு கொண்டுவந்து கட்டிலில் விரித்தார்கள். ஏசிக்குப் பதில் ஒரு டேபிள் ஃபேன் வந்தது. ஐந்து மணிக்குப் பார்த்தபோது வண்டி ஏழை வீடுபோல இருந்தாலும் சுத்தமாக இருந்தது.

"பூச்சி போயிடுச்சான்னு எப்படித் தெரியும்?" என்றார் தணிகைவேல்.

"யாராவது படுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப நீயே படு நைனா. அர மணி நேரம். கடிச்சா சொல்லு."

மாஸ்க்காரர் மறுக்கவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்துத் தலைக்கு மடித்து வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுப் படுத்தார். ஐந்து நிமிடத்தில் மெல்லிய குறட்டை வந்தது. தணிகைவேல் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். காலையிலிருந்து முதல்முறையாக நெஞ்சு கொஞ்சம் லேசானது. அந்த மனிதர் சொறியாமல் தூங்குகிறார், அது போதும்.

ஆறு மணிக்குத் தணிகைவேல் முகம் கழுவி, சம்பங்கி மாலையோடு கேட்டில் வந்து நின்றார். இரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. கார் எதுவும் திரும்பவில்லை. ஆறேகால் ஆனது. மாலையின் நுனி வாடத் தொடங்கியது.

"உள்ள இருக்கற ஆள எழுப்பி அனுப்பிடட்டுமா சார்?" என்றார் குப்புராஜ்.

"பாவம், தூங்கட்டும்யா. நாள் பூரா ஒழைச்சிருக்கான்."

அப்போது ஒரு டிவிஎஸ் வண்டி புகை விட்டுக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்து அவர் எதிரில் நின்றது. பின்னால் மருந்து கேனும் குழாயும் கட்டியிருந்தன. ஓட்டி வந்தவன் மாஸ்க்கை இறக்கிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"சாரி சார், வண்டி வழியில பஞ்சராகி நாளே போயிடுச்சு. மூட்டப்பூச்சிக்கு மருந்தடிக்கணும்னு காலைல போன் பண்ணியிருந்தீங்களே, அந்தக் கேரவன் எது சார்?"