நாலு விரற்கடைக் குழாய்

டீசல் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. லாரியை ஓரங்கட்டி இறங்கிய ரெத்தினம் குனிந்து பார்த்தான்.

பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தலையை உள்ளே விட்டான். எஞ்சினுக்கு டீசலை அளந்து பீய்ச்சிக் கொடுக்கும் பம்பு, எண்ணெய்க் குளியல் ஆனதுபோல் பளபளத்தது. டாங்கியிலிருந்து டீசலை அந்தப் பம்புக்குக் கொண்டுவரும் கறுப்பு ரப்பர் குழாய், பம்பில் மாட்டிய இடத்திலேயே வாய் பிளந்திருந்தது.

லாரியின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. யாராவது கேட்டால் தவிடு. உள்ளே உட்கார்ந்திருந்ததோ, நாகப்பட்டினத்துக்குத் தெற்கேயிருந்து ஏற்றி வந்த இருபத்திரண்டு அறுப்பு ஆட்கள்.

ஆட்சி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. சுவரில் எழுதிய சூரியன் இன்னும் மங்கவில்லை; அறுக்கும் நெல்லில் கலத்துக்கு அரைப்படி கூலி மட்டும் ஏறவில்லை. அந்த அரைப்படிக்காகக் கீழமாங்குடித் தெரு பத்தொன்பது நாளாக அரிவாளைத் தொடவில்லை. பண்ணையார் தியாகராசனின் சம்பா தலை சாய்ந்து, மணி உதிர ஆரம்பித்துவிட்டது. தெருவின் ஆண்கள் எல்லாரும் பேச்சுவார்த்தைக்கும் ஊர்வலத்துக்குமாகத் திருவாரூர் போயிருக்கிறார்கள். நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். அதற்குள் லாரி அந்தத் தெருமுனையைத் தாண்டிப் பண்ணைக் களத்துக்குள் போய்விட வேண்டும். வேறு பாதை கிடையாது.

அந்தத் தெருவில் எட்டாவது வீடு ரெத்தினத்தினுடையது என்பதுதான் இதில் விசேஷம். சங்கச் செயலாளர் இளையபெருமாள் அவன் மனைவி அம்சத்தின் கூடப்பிறந்த அண்ணன் என்பது அதைவிட விசேஷம். பிடிபட்டால் தெருவில் தண்ணீர்கூடக் கிடைக்காது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அம்சம் முகத்தில் விழிக்க முடியாது.

குழாய் கிழிந்ததற்குக் காரணம் யார் என்று அவனுக்குத் தெரியும். போன மாசமே கூத்தாநல்லூர் மெக்கானிக் மீரா சாகிப் கண்டுபிடித்துவிட்டார்.

"யாருப்பா இந்தக் குழாய வெட்டுனது?"

"எலிங்க பாய்."

"ரம்பம் வச்சிருக்குற எலியா? நாலு விரக்கடை, கோடு போட்டாப்புல வெட்டியிருக்கு! இழுத்துப் புடிச்சு மாட்டியிருக்கே, ஒரு நாளைக்கு நடுரோட்டுல நிக்கப் போற பாரு."

எலி வேறு யாருமில்லை, ரெத்தினமேதான். போன குறுவை அறுப்பில் அம்சத்தின் உள்ளங்கை கொப்புளமாகப் பூத்திருந்தது. அவனுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. குழாயில் நாலு விரற்கடை வெட்டி, அவள் அரிவாள் பிடியில் உறைபோல மாட்டி, அதன்மேல் சுட்ட கம்பியால் 'அ' என்று ஓர் எழுத்தும் போட்டுக் கொடுத்தான். "லாரிக்கு வலிக்காதா?" என்று கேட்டு அவள் சிரித்தாள். கல்யாணச் சேலையைப் பார்த்துக்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அந்தச் சிரிப்புக்காரி இந்தப் பத்தொன்பது நாளாக இருக்கிற கஞ்சியை அவனுக்கு ஊற்றிவிட்டு, "நா அப்பவே குடிச்சிட்டேன்" என்று சொல்லிவந்தாள். பானையின் அடியைப் பார்த்தால் அவள் குடித்திருக்க வழியில்லை. பண்ணை லாரி ஓடினால்தான் அவனுக்குப் படிக்காசு. பண்ணையார் கூப்பிட்டு, "இந்த ஒரு நடை அடிக்கிறியா, இல்ல சாவியக் கொடுக்கிறியா?" என்று கேட்டபோது சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டான்.

"தஞ்சாவூருக்குத் தவிடு ஏத்தணும்" என்று அம்சத்திடம் பொய் சொன்னான்.

"தவிடுதானே?"

"தவிடுதான்."

அவளும் நாகூர்ப் பக்கம் அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, நாலு நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று முந்தாநாள் புறப்பட்டுப் போய்விட்டாள். அதுவும் நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான். இன்று விடியற்காலம் குழாய் நுனியைச் சீவ அரிவாளைத் தேடினால், கூரையில் செருகியிருந்த இடத்தில் அதைக் காணோம். ஊர்வலத்தில் தூக்கிப் பிடிக்க மச்சான் எடுத்துப் போயிருப்பார். அறுக்கத்தான் வழியில்லை, அரிவாளாவது திருவாரூரைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான்.

"என்னா தம்பி, வண்டி மூத்திரம் போவுதா?"

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு ஒரு கிழவி எட்டிப்பார்த்தாள். கண்ணாத்தாள் என்று பெயர். ஏறினதிலிருந்து அவள் ஒருத்திதான் வாய் திறந்திருக்கிறாள்.

"தலைய உள்ள இழுங்க ஆத்தா. சோப்பு இருக்கா யாருகிட்டயாச்சும்?"

யார் மூட்டையிலிருந்தோ ஒரு சிவப்புச் சோப்புத் துண்டு வந்தது. அதைப் பிசைந்து கிழிசலில் அப்பி, மேலே நூலைச் சுற்றினான். சொட்டு நின்றது. ரெத்தினத்துக்குத் தன்மேல் மதிப்புக் கூடியது. அந்த மதிப்பு ஒரு மைல்கூட வரவில்லை. எஞ்சின் சூட்டில் சோப்பு இளகி நூலோடு நழுவி விழ, இப்போது சொட்டுக்குப் பதில் ஒழுக்கு.

பிளேடை எடுத்துக் கிழிந்த நுனியை நறுக்கினான். ஏற்கெனவே குட்டையான குழாய் இன்னும் குட்டையானது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து மாட்டி, கம்பியால் முறுக்கினான். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றக் கைப்பம்பை அடித்து அடித்துத் தோள் கழன்றது. பாட்டரியும் படுத்துவிட்டது.

"எல்லாரும் எறங்கித் தள்ளுங்க!"

இருபத்திரண்டு பேரும் இறங்கித் தள்ளினார்கள். பட்டினி கிடந்த கைகள். லாரி யோசித்து யோசித்துத்தான் நகர்ந்தது.

அவனுக்குத் தன்மேலேயே இருந்த கோபம் அவர்கள்மேல் பாய்ந்தது. "அடுத்தவன் வயித்துல அடிக்கறதுக்கு லாரி ஏறி வந்துட்டீங்க. தள்ளக்கூடத் தெம்பில்ல!"

"நாங்க அடிக்கிற தடிதான்," என்றாள் கண்ணாத்தாள், மூச்சு வாங்க. "தடிய ஏத்திக்கிட்டு வர்றது யாரு தம்பி?"

நல்லவேளையாக எஞ்சின் உறுமிக் கிளம்பியது. எல்லாரும் ஓடி ஏறினார்கள். லாரி மகராசியாக ஓடியது. ஆற்றுப் பாலம் தாண்டியது, மதகு தாண்டியது. கீழமாங்குடித் தெருமுனையில், செங்கொடிக் கம்பத்துக்கு நேரே வந்ததும் ஒரு முறை இருமி, மொத்தமாக நின்றுபோனது.

வண்டி வந்த வழி முழுக்க டீசல் கோடு கிழித்திருந்தது. பண்ணைக்கு யார் ஆள் கொண்டுவந்தார்கள் என்று இனி யாரும் விசாரிக்க வேண்டாம், கோட்டைப் பிடித்து நடந்து வந்தால் போதும்.

கம்பத்துக்குக் காவலாக வேம்புக் கிழவர் குந்தியிருந்தார். கண் மங்கல். அதனால்தான் திருவாரூருக்கு அழைத்துப் போகவில்லை.

"யாரு, ரெத்தினமா?"

"ஆமாங்க மாமா."

"என்னா லோடு?"

"தவிடு."

தவிடு இருமியது.

கிழவர் காதைத் திருப்பினார். தவிடு இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகவே இருமியது.

"தவிட்டுக்குச் சளி புடிச்சிருக்கு போலருக்கே?"

"பழைய தவிடு மாமா," என்றான் ரெத்தினம். வாயில் வேறு எதுவும் வரவில்லை.

"பழசுன்னா இருமத்தான் செய்யும்."

கிழவர் எழுந்து போய்விட்டார். ஊரைக் கூட்டத்தான் போகிறார் என்று ரெத்தினத்துக்கு வியர்த்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துத் தடவித் தடவி வந்து லாரியின் பின்னால் இறக்கினார்.

"வெயில் மண்டையப் பொளக்குது. தவிட்டுக்கு நாக்கு வறண்டு கெடக்கும். குடிக்கச் சொல்லு."

ரெத்தினம் தலையை பானட்டுக்குள் விட்டுக்கொண்டான். பம்பில் கை இருந்ததே தவிர, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. "மாமா, தெருவுல..."

"நா யாருட்ட சொல்லப் போறேன்? சொல்றதுக்குத் தெருவுல யாரு இருக்கா? ஆம்பளைங்க திருவாரூரு. பொம்பளைங்க அக்கா வூடு, நாத்தனா வூடுன்னு போயிட்டாங்க. நானும் இந்தக் கம்பமுந்தான்."

மறுபடி நுனியை நறுக்கினான். இனி எவ்வளவு இழுத்தாலும் குழாய் பம்பை எட்டவில்லை. இடைவெளியை விரலால் அளந்தான். சரியாக நாலு விரற்கடை.

வாய்க்கால் கரையில் நாணல் ஒன்றை ஒடித்து, ஒரு முனையைக் குழாயில் செருகி மறுமுனையைப் பம்பில் பொருத்தினான். கைப்பம்பை இரண்டு அடி அடித்ததும் நாணல் விண்டு, டீசல் அவன் முகத்திலேயே பீறிட்டது.

"நாணல் மட்டும் தாங்காது தம்பி. பம்பு முனையில ரப்பரு வேணும்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கண்ணாத்தாள் இறங்கி வந்து நின்றிருந்தாள்.

"ரப்பருக்கு நா எங்க போவேன் ஆத்தா? தெரியாமத்தான் நிக்கிறனா?"

தூரத்தில் பாலத்தடியில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நாலு மணி பஸ். அதிலிருந்து இறங்கி நடந்தால் பத்தே நிமிஷம்.

கிழவி தன் மூட்டையிலிருந்து அரிவாளை எடுத்தாள். பிடியில் மாட்டியிருந்த எதையோ திருகித் திருகிக் கழற்றி அவன் கையில் வைத்தாள். கறுப்பு ரப்பர் உறை. "இது ஆவுமா பாரு."

ரெத்தினம் அவசரத்தில் அதைப் பார்க்கக்கூட இல்லை. வேறொரு நாணல் துண்டை வைத்து உறையைக் குழாயோடு சேர்த்தான். மறுமுனையைப் பம்பில் நுழைத்தான். அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல் போய் உட்கார்ந்தது. கம்பியை முறுக்கிக் கைப்பம்பை அடித்தான். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. நம்ப முடியாமல், கைத்துண்டால் டீசலைத் துடைத்துப் பார்த்தான்.

துடைத்த இடத்தில், சுட்ட கம்பியால் கோணலாகப் போட்ட 'அ' தெரிந்தது.

அவன் அதை விரலால் தடவினான். "ஆத்தா... இது உங்களுக்கு ஏது?"

"அத ஏன் கேக்குற? எங்க ஊர்லயும் பதினஞ்சு நாளா இதே கூத்துதான். நாங்களும் அரைப்படிதான் கேட்டோம். நேத்து எங்க வயல அறுக்க ஒரு லாரி நெறைய ஆளக் கொண்டாந்து எறக்கிட்டாங்க. வரப்புல நின்னு வாய்க்கு வந்தபடி திட்டுனேன். இனி யாருக்காகக் காத்துக் கெடக்கறதுன்னுதான் நானும் இன்னைக்கு ஒன் லாரில ஏறுனேன்."

"இந்த ரப்பரு, ஆத்தா?"

"அந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணு அழுதுகிட்டே வரப்பு மேல ஏறி வந்துச்சு. வெறகு வெட்டிக் கொப்புளிச்சுக் கெடந்த என் கையப் பாத்துட்டு, அது அருவாலேருந்து இதக் கழட்டிக் கொடுத்துச்சு. வேணாம் தாயி, ஒனக்கு வேணுமேன்னேன்."

ரெத்தினம் பம்பைப் பிடித்தபடி நின்றான். "அதுக்கு என்னா சொல்லுச்சு?"

"'வச்சுக்குங்க ஆத்தா, எங்க வூட்டுக்காரரு தவிட்டு லாரி ஓட்டுறாரு, கேட்டா எனக்கு வேற வெட்டித் தருவாரு'ன்னுச்சு."