குபோங் குடியிருந்த பலா மரம்

வாசலில் நின்ற பலா மரத்தை வெட்டியே தீருவது என்று ஒரு சனிக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். இருபத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் நானாக எடுத்த இரண்டாவது முடிவு. முதலாவது, மீசை வளர்ப்பது. நாலு நாள் நீடித்தது.

ஜுரு தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போய் வந்து அலுத்து, பழைய காடி ஒன்று வாங்கியிருந்தேன். அதை நிறுத்த மரம் நின்ற இடத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

எங்கள் வீடு தண்ணீர்மலைக்குப் பின்னால், காட்டை ஒட்டிய கடைசி வீடு. மேலே காட்டை அழித்து பங்களா கட்டப்போகிறார்கள் என்று தொண்ணூற்று ஒன்றில் ஒரு பேச்சு கிளம்பியது. அப்போது என் மனைவி புஷ்பராணி, பக்கத்து வீட்டு நோர்மா, எதிர்வீட்டு அப்துல் ரஹீம் மூவரும் ஒரு குழு ஆரம்பித்தார்கள். ஞாயிறுதோறும் வெளியூர்க்காரர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டி, மதியம் சோறு போடுவார்கள். காடு நின்றால் கம்பத்து ஜனங்களுக்கெல்லாம் பிழைப்பு என்று ஆகிவிட்டால், வெட்ட வருகிறவன் யோசிப்பான் அல்லவா?

வருகிறவர்களுக்கு முதல் காட்சி எங்கள் பலா மரம்தான். அதில் ஒரு குபோங் குடியிருந்தது. பூனை அளவுப் பிராணி. உடம்போடு ஒட்டிய தோலைப் போர்வை மாதிரி விரித்து, மரத்துக்கு மரம் மிதந்து போகும்.

ஆகவே பெரிய சண்டைக்குத் தயாராகப் போனேன். "புஷ்பா, மரத்தை வெட்டப் போறேன்."

"வெட்டுங்க. வீட்டுல வெட்டியாத்தானே இருக்கீங்க" என்றாள், மீனைக் கழுவிக்கொண்டே.

அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும். மகிழ்ந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு மட்டும் கழியட்டும் என்றாள். ஈப்போவிலிருந்து ஆசிரியர்கள் பதினாறு பேர் வருகிறார்களாம். வழக்கமாக விளக்கம் சொல்லும் ரஹீம் ஒரு கல்யாணத்துக்காக கெடா மாநிலம் போகிறாராம். குபோங்கைக் காட்டி நாலு வார்த்தை பேச ஆள் இல்லையாம்.

"நீங்க பேசினா நல்லா இருக்கும்லா" என்றாள்.

நான் பேசினால் நன்றாக இருக்கும் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஒப்புக்கொண்டேன்.

பேசுவதற்காகவாவது பார்க்க வேண்டுமே என்று, வேலை விட்டு வந்ததும் மரத்தடியில் நின்றேன். முதல் நாள் பட்டைதான் தெரிந்தது. இரண்டாம் நாள் அந்தப் பட்டை கண்ணைத் திறந்தது. மூன்றாம் நாள், அதன் வயிற்றுத் தோலுக்குள்ளிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது. பொழுது சாயும் நேரத்தில் தாய் குட்டியோடு எம்பி, என் தலைக்கு மேல் சத்தமே இல்லாமல் மிதந்து காட்டுக்குள் போனது. காலையில் சரியாக அதே கிளைக்குத் திரும்பியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று புஷ்பாவிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு வார்த்தை நாற்பது நிமிஷம் ஓடியது. பதினாறு பேரும் வாய் திறக்காமல் கேட்டார்கள். என் வாழ்க்கையில் அது புதிது. கடைசியில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, இந்த மரம் போய்விட்டால் இவை எங்கே போகும் என்று மலாயில் கேட்டார்.

மரம் எங்கும் போகாது, நான் இருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கைதட்டினார்கள். புஷ்பா சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மரம் வெட்டும் ஆள் ரம்பத்தோடு வந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். கேட்டிலேயே மறித்து, குடியிருப்பவர்களைக் காலி செய்யவைக்க முடியவில்லை என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினேன்.

பிறகு அடுப்படிக்குப் போய், நன்றாக யோசித்துவிட்டதாகவும், மரத்தை வெட்டுவதில்லை என்பது என் சொந்த முடிவு என்றும், இதில் யாரும் குறுக்கே பேசக் கூடாது என்றும் அறிவித்தேன்.

"உங்க இஷ்டம்" என்று கையைத் துடைத்தவள், அலமாரியிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினாள். குழுவின் புது நோட்டீஸ், அதில் என் பெயர். 'குபோங் விளக்கம்: திரு. ராமசாமி. தீபாவளி வரை, எல்லா ஞாயிறும்.'

"இதை எப்ப அச்சடிச்சே?"

"நீங்க மரத்தை வெட்டணும்னு சொன்னீங்களே, அன்னிக்கு மத்தியானம்."