எண்ணெய் போட்ட பூட்டு

கதவிலிருந்து கழற்றிய பூட்டை அடுப்படி மேடையில் வைத்துச் சண்முகையா மூடியை நெம்பியதும், உள்ளேயிருந்து ஒரு ஸ்பிரிங் துள்ளிக் குதித்துச் சாம்பார்ச் சட்டிக்குள் போய் விழுந்தது.

“முருங்கக்கா போட்டேன், கத்தரிக்கா போட்டேன். இது ஒண்ணுதான் கொறஞ்சுது” என்றாள் பிச்சம்மாள், கரண்டியால் துழாவிக்கொண்டே.

“எல்லாம் ஒன் தம்பி தாலிக்காகத்தாம்ட்டி!”

தம்பிக்கு நாளை மறுநாள் இங்கே சங்கரன்கோவிலிலேயே கல்யாணம். ஆசாரியிடம் வாங்கிய தாலியும் முகூர்த்தப் பட்டும் அக்காள் வீட்டு பீரோவில் இருந்தன. நாளைக்குத் தம்பி ஊரான திருவேங்கடத்தில் பந்தக்கால். இருவரும் போகாமல் தீராது. தாலியை டவுன்பஸ் கூட்டத்தில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. வீட்டில் விட்டுப் போகவும் மனசு வரவில்லை. ஏனென்றால் அவர்கள் குடியிருந்த வளவைக் கட்டியவர், மலிவாகக் கிடைத்ததென்று ஆறு வீட்டுக்கும் ஒரே பூட்டை மொத்தமாக வாங்கி மாட்டியிருந்தார். எந்த வீட்டுச் சாவியும் எந்த வீட்டையும் திறக்கும்.

இத்தனை வருஷமும் அது வசதியாகத்தான் இருந்தது. நிறுத்த மறந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பக்கத்து வீட்டு ஆயிஷம்மாள் வந்து நிறுத்துவாள். எதிர்வீட்டு ராமசுப்பு தன் வீட்டு டிவி மக்கர் பண்ணினால் இங்கே வந்து கிரிக்கெட் பார்ப்பார். ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை. ஆனாலும் தாலி என்றதும் பிச்சம்மாளுக்குத் தூக்கம் போய்விட்டது.

“பேசாம வெளிய ஒரு திண்டுக்கல் பூட்டத் தொங்கவிடுவோமா?” என்று கேட்டிருந்தார் சண்முகையா.

“நல்லாருக்கு! எங்கள நம்பலையான்னு ஆயிஷம்மா கேட்டா மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க? வெளிய தெரியப்படாது. உள்ள மட்டும் மாத்துங்க.”

அதற்குத் தமிழில் ஒரே ஒரு வீடியோதான் அகப்பட்டது. ‘இரண்டாவது தகட்டையும் நான்காவது தகட்டையும் இடம் மாற்றுங்கள். பழைய சாவி சேராது. புதுச் சாவி வெட்டிக்கொள்ளுங்கள்’ என்றது. ஐந்து நிமிஷ வேலையாம்.

தகடுகளை எடுத்த நேரத்தில் ஆயிஷம்மாள் உள்ளே வந்துவிட்டாள்.

“என்ன அண்ணாச்சி, பூட்டக் கழட்டிட்டிய?”

“எண்ணெய் போடுதேம்மா. கிரீச்சு கிரீச்சுங்குது.”

அவள் முகம் ஒரு மாதிரியானது. “எங்க வீட்லயும் அவுக எண்ணெய்தான் போட்டுக்கிட்டிருக்காவ. கொஞ்சம் தாங்களேன்” என்று பாட்டிலோடு வாங்கிப் போய்விட்டாள்.

அடுத்து ராமசுப்பு வந்தார். மிக்ஸியைக் கழற்ற வேண்டும் என்று திருப்புளியைக் கேட்டார். இல்லை என்று சொல்ல முடியவில்லை. அது சண்முகையாவின் கையிலேயே இருந்தது.

எண்ணெய்க்குப் பதில் நெய்யும், திருப்புளிக்குப் பதில் தோசைக்கரண்டியும் வைத்து வேலை நடந்தது. நெய்க்கு எறும்பு வந்தது. கரண்டி வளைந்தது. பெருங்காய வாசனையோடு ஸ்பிரிங்கையும் வைத்து மூடிய பிறகு பார்த்தால் ஒரு திருகாணி மிச்சம்.

“இது எங்கன இருந்துச்சு?”

“அத என்கிட்ட கேட்டா? பூட்டுகிட்ட கேளுங்க.”

பூட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு அருகே சாவி வெட்டும் உச்சிமாகாளியிடம் ஓடினார். பூட்டில்லாத கதவுக்குப் பிச்சம்மாள் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

“யார்கிட்டயும் மூச்சு விடப்படாது வே” என்றார் சண்முகையா.

“இன்னைக்கு வாரவங்க எல்லாரும் இதத்தான் சொல்லுதாங்க” என்று சிரித்துக்கொண்டே உச்சிமாகாளி சாவியை அரத்தால் ராவினார்.

சாயங்காலம் பூட்டை மாட்டிப் பழைய சாவியைப் போட்டார். அசையவில்லை. புதுச் சாவியைப் போட்டார். திறந்தது. சண்முகையாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் கதவைப் பலமுறை பூட்டித் திறந்துவிட்டார்.

மறுநாள் திருவேங்கடத்தில் பந்தக்காலுக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்த பிச்சம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஏங்க! மோட்டாரப் போட்டுட்டு வந்துட்டோமே!”

மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் நேராக பீரோ இருக்கிற அறைக்குள்தான் ஒழுகும். உள்ளே முகூர்த்தப் பட்டு.

“ஆயிஷம்மாவுக்குப் போனப் போடுங்க!”

“போட்டு? அவ சாவிதான் சேராதே!”

“நல்லா மாத்துனிய பூட்ட!”

“நீதானட்டி மாத்தச் சொன்ன!”

சாப்பிடாமல் பஸ் பிடித்தார்கள். நனையப்போகிற பட்டைவிட, ஆயிஷம்மாளிடம் என்ன சொல்லுவது என்பதுதான் சண்முகையாவுக்குப் பெரிய கவலை. மோட்டார் சத்தம் கேட்டு அவள் வந்திருப்பாள். சாவியைப் போட்டுப் பார்த்திருப்பாள். வெட்கமாக இருந்தது.

கதவு பூட்டியபடியே இருந்தது. திறந்தார்கள். மோட்டார் நின்றிருந்தது. தரை துடைத்திருந்தது. பீரோவின் மேல் யாரோ பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தியிருந்தார்கள். உள்ளே பட்டும் தாலியும் வைத்தது வைத்தபடி இருந்தன. பிச்சம்மாள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதே விட்டாள்.

“என் வாளி இங்கன கெடக்கா?” என்று கேட்டுக்கொண்டே ஆயிஷம்மாள் வந்தாள்.

சண்முகையா வாளியை எடுத்து நீட்டினார். “நீ எப்படிம்மா உள்ள வந்த?”

“பழைய சாவி சேரல அண்ணாச்சி. நேத்து எங்க வீட்டுக்காரரு வீடியோவப் பாத்து எண்ணெய் போட ஆரம்பிச்சாவல்லா, அந்தப் புதுச் சாவியப் போட்டேன், தொறந்துட்டு. ராமசுப்பு அண்ணன் புதுச் சாவியும் சேருது!”