இழுவையின் மூன்றாம் சரணம்

நோர்வேயில் தமிழில் ரிதம் அண்ட் புளூஸ் பாடிய முதல் மனிதன் இழுவைதான். இதில் சந்தேகம் உள்ளவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். பின்னால் சமையல் குறிப்பு ஏதாவது இருக்கும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். போன மாதம் ஒஸ்லோவில் ஒரு விழாவுக்குப் போனேன். மேடையில் ஓர் இளம் பாடகன். அறிவிப்புச் செய்த பெண்பிள்ளை, "நோர்வேத் தமிழரின் முதலாவது ரிதம் அண்ட் புளூஸ் பாடகர்" என்று அவனை அறிமுகம் செய்தாள். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். முன் வரிசையில் இருந்த எனக்கு உச்சந்தலைவரைக் கொதித்தது. தட்டின கைகளில் எத்தனை கைகள், இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் இதே மண்டபத்தில் இழுவை பாடும்போது காதைப் பொத்திய கைகள் என்று எனக்குத் தெரியும். ஆள் ஆளாகப் பெயர் சொல்லுவேன். மானநட்ட வழக்குக்குப் பயந்து விடுகிறேன்.

இழுவைக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் பாவிக்கவில்லை. ஓர் எழுத்தைப் பிடித்தால் விடமாட்டான், அதனால் இழுவை. "வா" என்று தொடங்கினால் அந்த "வா" மேலே ஏறி, கீழே இறங்கி, மூலை முடுக்கெல்லாம் சுற்றிவிட்டு வந்துசேர்வதற்குள் சனம் ஆளுக்கொரு ரோல்ஸ் சாப்பிட்டு முடித்துவிடும். பாட்டைப் பாதியில் விடுவது அவனுக்குப் பெரும்பாவம். சுரங்க ரயிலில் முணுமுணுத்துக்கொண்டு வருவான். எங்கள் சனம் நிறைய இருக்கிற புருசெத்தில் இறங்க வேண்டியவன், பாட்டு முடியவில்லையென்றால் இறங்காமல் கடைசித் தரிப்புவரை போய்த் திரும்பி வருவான். மார்கழி மாத இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி, கோடையிலும் கழுத்தில் கம்பளிச் சால்வை. கேட்டால், "தொண்டை அக்கா, தொண்டை" என்பான்.

நானும் அவனும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். ஓட்டல் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்க வேண்டும். என் தலைவிதி, எதிர் முனையில் எப்போதும் இழுவை. விரிப்பை உயர்த்துவான், அந்த நேரம் பார்த்து ஒரு சுரம் பிடிபடும், அது முடியும்வரை கை இறங்காது. நானும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

"தம்பி, ஒண்டில் பாட்டை நிப்பாட்டும், இல்லாட்டி துணியை விடும். எனக்குத் தோள்மூட்டுக் கழண்டு போச்சு!"

"ஒரு செக்கன் அக்கா. இப்பதான் இறங்குது."

அங்கே நாலாம் நம்பர் மெஷின் ஒன்று. சுழலும்போது ஒரு பக்கமாக இடித்துக்கொண்டு, டும்... டடும்... டும்... என்று நடக்கும். எங்களுக்கு அது தலையிடி. இழுவைக்கு அதுதான் தாளம். ஒருநாள் திருத்துவதற்கு ஒரு நோர்வேக்காரர் பெட்டியோடு வந்தார். இழுவை ஓடிப்போய் மெஷினுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"என்ரை டிரம்காரன் அக்கா! ஆளைக் கழட்டப் போறார்!"

"விசரே உமக்கு? வேலை போகப்போகுது, தள்ளி நில்லும்!"

அவன் தள்ளவில்லை. மெஷின் ஓட ஓட, அந்த மனிதர் முகத்தைப் பார்த்தே பாடத் தொடங்கினான். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். கேட்டார். பிறகு மெஷினுக்கு எண்ணெய் மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் சனிக்கிழமைகளில் கிற்றார் வாசிக்கிறவராம். அடுத்த சனி பிற்பகல் நகரத்தில் அவருடைய இசைக்குழுவோடு இழுவை பாடினான். வெள்ளைச் சனம் எழும்பி நின்று கைதட்டியதாம்.

திங்கட்கிழமை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"என்ன தம்பி, அங்கை நல்லாத்தானே தட்டினவை?"

"தட்டினவை அக்கா. ஆனா ஒரு சொல்லும் விளங்காமத் தட்டினவை. விளங்கிற சனத்துக்கு முன்னாலை ஒருக்கா, முழுப்பாட்டையும் பாடி முடிக்க வேணும்."

இவ்வளவுதான் அவன் ஆசை. பணமா கேட்டான், பட்டமா கேட்டான்? எங்கள் சனத்துக்கு முன்னால் ஒரு பாட்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை. அந்தக் காலத்தில் புருசெத் பக்கத்து விழாக்களில் மைக் என் கையில்தான் இருக்கும். "நான் ஏத்திவிடுறன்" என்றேன்.

முதல் மேடை ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையான பிள்ளைக்குச் செய்கிற விழா. பாட்டு அவனே எழுதியது. "நீர் எங்கை?" என்று தொடங்கும். அந்த "எங்கை"யை அவன் இழுத்த இழுவையில் முன் வரிசை அன்ரி ஒருவர் பதறி எழும்பி, "பிள்ளைக்கு வயித்துக்குத்துப் போலை கிடக்கு, ஆராவது சோடா குடுங்கோ!" என்றார். சோடா மேடைக்கே வந்தது. பாட்டை விடாமலே வாங்கி வைத்துக்கொண்டான்.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "என்ன தங்கச்சி இது? நாங்கள் வீட்டிலை கதைக்கிற தமிழிலை எல்லோ பாடுறான். பாட்டெண்டா ஒரு மரியாதை வேண்டாமே?"

பாருங்கள் நியாயத்தை! அந்தத் தமிழில் பிள்ளை பெறலாம், சண்டை பிடிக்கலாம், செத்தவீட்டில் ஒப்பாரி வைக்கலாம். பாட மட்டும் கூடாதாம்!

அதைவிடப் பெரிய அநியாயம் கார். எங்கள் விழா தெரிந்தவர்களுக்கு இது தெரியும். யாராவது ஒருவர் வாசலை மறித்துக் காரை விட்டுவிட்டு வந்து சோறு சாப்பிடுவார். கட்டடத்தைப் பார்க்கிற நோர்வேக்காரர் கார் நம்பரைக் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுப்பார். துண்டு தலைவரிடம் வரும், தலைவரிடமிருந்து என்னிடம் வரும். மேடையில் என்ன நடந்தாலும் மைக்கை வாங்கி, "இந்த இலக்கக் காருக்குச் சொந்தக்காரர் உடனே எடுக்கவும்" என்று சொல்ல வேண்டும். இழுவைக்கு மூன்று சரணம். சொல்லிவைத்ததுபோல, மூன்றாவது தொடங்கும்போது துண்டு வரும். ஐந்து விழா, ஐந்து கார். அறிவித்து முடிப்பதற்குள் பாட்டு செத்துவிடும், அடுத்த நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள். அந்த மூன்றாம் சரணத்தில் என்ன இருக்கிறதென்று புருசெத்தில் ஒரு சீவனுக்கும் தெரியாது. அவனோடு விரிப்பு மடிக்கிற எனக்குக்கூடப் பாடிக் காட்டமாட்டான். "அது மேடையிலைதான் அக்கா" என்பான்.

அவன் கோபித்தானா என்றால் இல்லை. "பறவாயில்லை அக்கா, கார் முக்கியம்தானே" என்று சோடாவைக் குடிப்பான். அவனுக்கும் சேர்த்து நான் கோபிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஐந்து முறையும் அவன் வாயை மறித்தது என் குரல்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

பிறகு ஒருநாள், வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். பொங்கல் விழாதான் கடைசி.

"இந்தமுறை முடிக்க விடுவியளே அக்கா?"

"என்ரை அம்மாளாச்சி மேலை சத்தியம்."

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பிருந்து பேச்சை நிறுத்திவிட்டான். தொண்டைக்கு ஓய்வாம். கேட்டதற்கெல்லாம் கடதாசியில் பதில் எழுதிக் காட்டினான். அன்றைக்குக் கறுப்புக் கண்ணாடியோடு ஏறினான். முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. மூன்றாவதுக்கு அவன் மூச்சை இழுக்க, தலைவர் வந்தார். பிரதம விருந்தினரோடு சிரித்துக்கொண்டே, துண்டைத் திரும்பியும் பாராமல் என் கையில் திணித்துவிட்டுப் போய் அமர்ந்தார். நானும் பார்க்கவில்லை. கைப்பைக்குள் போட்டு இறுக்கப் பூட்டினேன். தலைவர் கையைக் காட்டினார், கண்ணை உருட்டினார். நான் கூரையைப் பார்த்தேன்.

மூன்றாம் சரணத்தில் ஒரு வரிதான் இருந்தது. "இஞ்சைதான் நிக்கிறன்." அதில் "இஞ்சை"யைப் பிடித்தான் பாருங்கள்! ஊர் விட்டு வந்து, பனியில் வழுக்கி விழுந்து, அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வருமென்று தபால் பெட்டியைப் பார்த்துப் பார்த்து நின்ற நாட்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்தன. மண்டபத்தில் ஒரு பிள்ளைகூட ஓடவில்லை. பாட்டு முடிந்தது. சோடா கேட்ட அன்ரிதான் அழுதுகொண்டு, "நில்லு ராசா, நில்லு!" என்று சத்தமாகச் சொன்னார். பிறகுதான் கைதட்டல் வந்தது. இழுவை கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் முகத்தைத் துடைத்தான்.

வெளியே வந்தால் தலைவருடைய புதுக் காரைக் காணவில்லை. வாசலை மறித்து நின்றதென்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஏன் நீர் அறிவிக்கேல்லை?" என்று பாய்ந்தார்.

"நீங்கள்தானே கொண்டுவந்து தந்தனீங்கள். ஒருக்கா வாசிச்சுப்போட்டுத் தந்திருக்கலாமே!"

அடுத்த கூட்டத்தில் எனக்கு மைக் இல்லை, இழுவைக்கு மேடை இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். அவன் துரொண்ட்ஹெய்ம் போய்விட்டான். நானும் இத்தனை வருடமாக மேடைப் பக்கம் போகவில்லை, போன மாதம்வரை.

அந்த இளம் பாடகனைச் சொன்னேனே, அவனும் கதைக்கிற தமிழில்தான் பாடினான், எழுத்தைப் பிடித்து இழுத்துத்தான் பாடினான். நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். கடைசிச் சரணத்துக்கு வரும்போது அறிவிப்புப் பிள்ளை ஒரு துண்டோடு மைக்குக்குப் போனாள். நான் எப்படி எழும்பினேன் என்று தெரியாது. போய்த் துண்டைப் பறித்தேன்.

"அன்ரி! காரை இழுக்கப் போயினமாம்!"

துண்டை விரித்துப் பார்த்தேன். என் கார்.

"ஆரின்ரை கார் அன்ரி? தெரியுமே?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. அவன் பாடி முடிக்கட்டும்."

துண்டைக் கைப்பைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு வந்து இருந்தேன். விழா முடிந்து பஸ் தரிப்பில், பனிக்குள் நின்றுகொண்டு, துரொண்ட்ஹெய்முக்குத் தொலைபேசி எடுத்தேன். வருடக்கணக்காகப் பேசவில்லை.

"ஹலோ, ஆர்? அக்காவே? எங்கை நிக்கிறியள்?" என்றான்.

"இஞ்சைதான் நிக்கிறன் தம்பி" என்றேன். என்னால் முடிந்தமட்டும் இழுத்துச் சொன்னேன்.