அட்டிக் அம்மாவும் பேரண்ணையும்

கோழி வாங்க வந்தவர்களுக்குக் கோழியோடு அதன் பெயர் பிறந்த கதையையும் கட்டிக்கொடுத்த மனிதர் உலகத்திலேயே பேரண்ணை ஒருவர்தான். எழுபதுகளில் கனடாவின் ரொறன்ரோ நகரத்துக் கென்சிங்ரன் சந்தையில், ஒரு போர்த்துக்கீசரின் கோழிக்கடையில் இறகு பிடுங்குவது அவர் வேலை. ஊர் யாழ்ப்பாணம். கடைக்கு வந்த ஸ்பானியர், போர்த்துக்கீசர், ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலிருந்து வந்த கலீசியர் எல்லோரிடமும் மிருகங்களின் பெயர்களைப் பிடுங்குவதில் இருந்த அக்கறை இறகில் இருக்கவில்லை; பேரண்ணை என்ற பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான்.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு, சமைத்த வான்கோழியை என் முன்னால் வைத்துக்கொண்டே தொடங்கிவிட்டார்.

“உதுக்கு இங்கிலீஷ்காரன் துருக்கி எண்டு பேர் வச்சான், போர்த்துக்கீசன் பெரு எண்டு வச்சான். ரெண்டு நாட்டிலையிருந்தும் அது வரேல்லை. ஸ்பானியன் மயிலின்ரை பேரைப் பறிச்சு உதுக்குக் குடுத்துப்போட்டு, மயிலுக்கு ‘அரச’ எண்டு ஒரு பட்டத்தை ஒட்டிவிட்டான்.”

மயிலுக்கு நடந்த அநியாயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் எங்கள் சாப்பாடு ஆறிப்போனது.

பேரண்ணையும் நானும் ஒரு போர்த்துக்கீசப் பெண்மணியின் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவனை இழந்தவள். வாடகை பிந்தினாலும் குழாய் ஒழுகினாலும் படிக்கட்டின் கீழ் நின்று பேரண்ணையின் முழுப்பெயரையும் சொல்லிக் கத்துவாள். அந்த நீளமான பெயர் அவள் வாயில் பட்ட பாடு தனிக்கதை.

வசந்தத்தில் கூரைக்குக் கீழே இருந்த அட்டிக்கில், கண்ணைச் சுற்றி முகமூடிபோலக் கறுத்த ஒரு ரக்கூன் குடியேறியது. பேரண்ணை அந்தச் சொல்லையே வீட்டில் தடைசெய்தார். கீரி போன்ற ஒரு கோழித்திருடனைப் போர்த்துக்கீசர் ‘சின்னச் சீமாட்டி’ என்றும், கலீசியர் ‘இளஞ்சீமாட்டி’ என்றும், ஸ்பானியர் உறவு கொண்டாடி ‘சின்னச் சம்பந்தி’ என்றும் அழைக்கிறார்களாம். எல்லாம், பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். நாங்கள் நாகத்தை நல்ல பாம்பு என்பதும், எங்கள் பெண்கள் கணவன் பெயரைச் சொல்லாததும் இதில் சேர்ந்ததுதானாம். வீட்டுக்காரி வாய்பிளந்து கேட்டாள். மேலே கூரை உதிர்ந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து பேரண்ணை ஏணியில் ஏறி, அந்த மிருகத்தைப் பார்த்து, “அம்மா, கொஞ்சம் தயவுபண்ணி வேறை இடம் பாருங்கோ” என்று வேண்டத் தொடங்கினார். அம்மா அசையவில்லை. வீட்டுக்காரி பொறுத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மிருகம் பிடிக்கும் பொறிக்காரன் வருகிறான், குறுக்கே நின்றால் நீயும் வெளியே போகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். பேரண்ணைக்கு முகம் செத்துவிட்டது. அந்த நகரத்தில் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஆனாலும் சனிக்கிழமை ஏணியை மறித்துக்கொண்டு நின்றார். வந்தவன் கையில் பொறிப்பெட்டியைப் பார்த்ததும், மேலே போய் அதன் பெயரை மட்டும் சொல்லிவிடாதே என்று பொறிக்காரனைக் கும்பிட்டார். அவன் இவரைச் சுற்றிக்கொண்டு ஏறினான். இறங்கி வந்து, மேலே குட்டிகள் கிடக்கின்றன, கண்கூடத் திறக்கவில்லை, வளரும்வரை தான் தொடமாட்டேன் என்றான்.

பேரண்ணை வீட்டுக்காரியைப் பார்த்தார். “நான் அம்மா எண்டு சும்மாவோ சொன்னனான்?”

அவள் சமையலறைக்குப் போய், ஒரு தட்டில் மீன் துண்டுகள் கொண்டுவந்து ஏணியடியில் வைத்தாள். அவரை வெளியேற்றும் பேச்சு அதன்பின் எழவே இல்லை.

பிறகு எனக்குப் பக்கத்து நகரமான மிசிசாகாவில் வேலை கிடைத்து அந்த வீட்டைவிட்டுப் போனேன். அடுத்த நத்தாருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோது வீட்டுக்காரிதான் எடுத்தாள். பேரண்ணையைக் கேட்டேன். அவர் கடைக்குப் போயிருக்கிறார் என்றாள். எந்த அவர் என்று சீண்டினேன். சிரித்தாள். அத்தனை காலமும் படிக்கட்டு அதிரக் கத்திய பெயர் அவள் வாயில் வரவே இல்லை.

அவருடைய சொந்தப் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை.