ஏழாவது குகையில் மாட்டிக்கொண்ட புலி

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. மன்னிக்கவும், இருந்தார். பெயர் கொடுவரியார். எந்தக் காட்டில்தான் புலி இல்லை, இதில் என்ன விசேஷம் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்தப் புலிக்கு நான்கு மாதமாக வேட்டைக்குப் போக நேரமே கிடைக்கவில்லை.

அதற்கு முன்பு நிலைமை வேறு. கோடைக்காலத்தில் அந்தக் காட்டில் ஒரே ஒரு குட்டைதான் வற்றாது. அதன் கரையில் ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி சாயங்காலந்தோறும் கதை சொல்வார். ஒன்பது தலை நாகம் திருடிக்கொண்டு போன நீலக்கல் மகுடத்தை மீட்கக் கிளம்பிய கீரி இளவரசனின் கதை. மொத்தம் ஏழு குகை. கோடைக்கு ஒரு குகை என்று ஆறு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தார். ஏழாவது குகையில் என்ன நடக்கும் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

கதை கேட்கிறவர்கள் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் ஊசிமுத்து வாயை மூடிக்கொள்வார். அந்தக் காட்டில் இதை ஒட்டி ஒரு சட்டமும் உண்டு. உம் கொட்டுகிற வாய் கடிக்கக் கூடாது. அதனால் கொடுவரியார் முன்வரிசையில் உட்கார்ந்து உம் கொட்டும் நேரத்தில் மான்கள் அவர் வாலை மிதித்துக்கொண்டே போய்த் தண்ணீர் குடிக்கும். கதை முடிந்த மறுநிமிடம் சட்டமும் முடிந்துவிடும் என்பதால், முடிகிற நேரத்தில் முயல்களுக்கெல்லாம் வீட்டில் அவசர வேலை வந்துவிடும்.

இதில் ரொம்பக் கஷ்டப்பட்டவள் நொச்சி என்ற புள்ளிமான். காட்டோரத்து யானை அகழியைத் தாண்டும்போது விழுந்து அவளுடைய பின்னங்கால் ஒன்று கோணிப்போயிருந்தது. நடப்பாள், நொண்டுவாள், ஓட மட்டும் முடியாது. கதையின் கடைசிக் கால்மணி நேரத்தை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு குகையிலும் இளவரசன் உள்ளே போவதுதான் அவளுக்குத் தெரியும். வெளியே வந்தானா என்பதை மறுநாள் காலை யாராவது உயிரோடு இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

இப்படி இருக்கையில் பக்கத்துக் காட்டிலிருந்து தாவுராயன் என்ற மந்தி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து சேர்ந்தது.

"ஐயா, உங்க கதைய வீடியோ கேமா எடுக்கப் போறோம். கைக்குள்ள அடங்குற பெட்டி. யார் வேணாலும் கீரி இளவரசனா மாறிக் குதிக்கலாம், உருளலாம், வாள் வீசலாம்."

"கதை கெட்டுடாதே?"

"நாங்க தொடவே மாட்டோம். கொஞ்சம் குதிக்கிறது மட்டும் சேர்ப்போம்."

"என் பேர் வருமா?"

"வராம இருக்குமா? கடைசியில பெரிய எழுத்துல வரும்."

"எதோட கடைசியில?"

"ஏழாவது குகைய ஜெயிச்சதும்."

ஊசிமுத்துவுக்கு அது போதும். ஒப்பந்தம் நாற்பத்தொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கையெழுத்து. அவர் தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, மையில் தொட்டு, கையெழுத்துப் போட்டார். முள் முனை மழுங்க மழுங்க அடுத்ததைப் பிடுங்கினார். கடைசிப் பக்கம் வந்தபோது முதுகில் ஒரு சொட்டை விழுந்திருந்தது. ஒரு பக்கத்தைக்கூட அவர் படிக்கவில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு மற்றவர்கள் எழுதியதைப் படிக்கப் பொறுமை கிடையாது, இது எல்லாக் காட்டிலும் உள்ளதுதான். பிறகு மந்தியின் காதில் ஏழாவது குகையின் முடிவையும் சொன்னார்.

அடுத்த கோடையில் பெட்டி வந்தது. முதல் பெட்டி ராஜாவுக்குத்தானே போகும்? கொடுவரியார் அதை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்து, ஒரு பொத்தானை அமுக்கினார். திரையில் குட்டி இளவரசன் ஒரு குதி குதித்தான். அவ்வளவுதான். புலி உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

மற்ற மிருகங்கள் அவருடைய தோளுக்குப் பின்னால் கூடி நின்று வேடிக்கை பார்த்தன. குட்டைக் கரையில் ஊசிமுத்துவுக்கு எதிரே ஒரு தவளை மட்டும் இருந்தது. அதுவும் உம் கொட்டவில்லை. அது அதன் சொந்தக் காரணத்துக்காகக் கத்திக்கொண்டிருந்தது.

நொச்சிதான் முதலில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். முன்பெல்லாம் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் உயிருக்கு உத்தரவாதம். இப்போது புலி கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை. புலிக்குப் பசிக்காமலும் பெட்டி அணையாமலும் பார்த்துக்கொண்டால் காடே பிழைத்துவிடும்.

பெட்டிக்கு உயிர் தேய்ந்ததும் அதை வாயில் கவ்விக்கொண்டு வனக்காவலர் குடிசைக்கு நொண்டி நொண்டிப் போவாள். அங்கே கூரையில் சூரியத் தகடு இருந்தது. காவலர்கள் ரோந்து போன நேரம் பார்த்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவாள். சாப்பாட்டுப் பொறுப்பை நீர்நாயிடம் ஒப்படைத்தாள். நீர்நாய் கெண்டை மீனைப் புலியின் வாயில் வைத்தால் அவர் திரையைப் பார்த்தபடியே மெல்லுவார். மீன் கிடைக்காத ஒருநாள் பயந்துகொண்டே ஒரு துண்டுப் பூசணிக்காயை வைத்தது. அதையும் மென்றார். மறுநாளிலிருந்து நீர்நாய் மீன் பிடிக்கிற சிரமத்தை விட்டுவிட்டது.

ஆறு குகைகளைக் கொடுவரியார் இரண்டே மாதத்தில் முடித்துவிட்டார். ஏழாவதில் மாட்டிக்கொண்டார். ஒன்பது தலை நாகம் படமெடுத்து ஏதோ பேசத் தொடங்கும். அவர் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பேச்சை வெட்டிவிட்டு வாளை வீசுவார். நாகம் ஒரே வாயில் இளவரசனை விழுங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து. நாளுக்கு நாற்பது தடவை.

இங்கேதான் நொச்சிக்கு வேலை கூடியது. புலி ஜெயித்துவிட்டால் ஆபத்து. கடுப்பில் பெட்டியைப் பாறையில் அடித்து உடைத்துவிட்டாலும் ஆபத்து. ஜெயிக்கவும் கூடாது, ஜெயிப்போம் என்ற நம்பிக்கை போகவும் கூடாது.

"நேத்தைக்கு இன்னிக்கு எவ்வளவோ தேவலைங்கய்யா," என்பாள்.

"அப்படியா சொல்ற?"

"பாம்பே ஒரு நிமிஷம் பயந்துடுச்சு. நான் பார்த்தேன்."

கொடுவரியார் மீசையைத் தடவிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார்.

ஊசிமுத்துவிடமும் அவள் போனாள். "ஐயா, உங்க கால்ல விழறேன். ஏழாவது குகை ரகசியத்தை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஜெயிச்சா எழுந்துடுவார். எழுந்தா முதல்ல கையில சிக்குறது நான்தான்."

"சொல்ல மாட்டேம்மா. மிச்சமிருக்கிற முள்ளு மேல சத்தியம்," என்றார் அவர். சத்தியம் செய்தபோது மனதாரத்தான் செய்தார். ஆனால் நான்கு மாதமாக அவருக்கு ஒரு உம் கிடைக்கவில்லை என்பதையும், அவருடைய பெயர் ஏழாவது குகைக்கு அந்தப் பக்கம் யாரும் பார்க்காமல் கிடந்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஒருநாள் மத்தியானம் கொடுவரியார் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினார். எதிரே பாறை.

"ஐயா, இன்னும் ஒரே ஒரு தடவை!" என்று அலறினாள் நொச்சி.

"ஒரு தடவையும் வேணாம். கதை கட்டினவனைக் கூப்பிடு."

ஊசிமுத்து வந்தார். முடிவைச் சொல்ல முடியாது என்று நல்ல பிள்ளையாகத்தான் ஆரம்பித்தார். ஒப்பந்தத்தில் தடை இருக்கிறது என்றார். எத்தனையாவது பக்கம் என்று புலி கேட்டதற்கு, இருமல் வந்துவிட்டது.

கொடுவரியார் பெட்டியைக் கீழே வைத்தார். முன்னங்காலை மடக்கி, பழைய மாதிரி உட்கார்ந்தார்.

"சரி, ரகசியமாச் சொல்ல வேணாம். கதையாச் சொல்லும். நான் உம் கொட்டறேன்."



"ம்," என்றார் புலி.

முள்ளம்பன்றியின் உடம்பில் சொட்டை தவிர மற்ற இடமெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. நொச்சி பின்னாலிருந்து குளம்பால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அவர் திரும்பவே இல்லை.

"அப்புறம் என்ன ஆச்சுன்னா," என்று தொடங்கினார், "இளவரசன் வாளைக் கீழ போட்டுட்டான்."

"ம்."

"நாகத்துக்கு ஒன்பது தலை. ஒவ்வொரு தலைக்கும் ஒரு மனக்குறை. ஆயிரம் வருஷமா வந்தவனெல்லாம் வெட்டத்தான் வந்தான், எவனும் காது குடுக்கல."

"ம்."

"இளவரசன் உட்கார்ந்து உம் கொட்டினான். ஒன்பது தலையும் அழுது தீர்த்துத் தூங்கிப்போச்சு. மகுடத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டான்."

கொடுவரியார் பெட்டியை எடுத்தார். நாகம் பேசியது. இந்தத் தடவை சிவப்பை அமுக்கவில்லை. ஒவ்வொரு தலையும் பேசி முடிக்க முடிக்க உம் கொட்டுவதற்கான பச்சைப் பொத்தானை ஒரு தட்டு, ஒரு தட்டு. ஒன்பதாவது தலையும் சாய்ந்தது. திரை முழுக்கப் பூ மாரி பொழிந்தது.

"பேரு! இப்ப பேரு வரும் பாருங்க!" என்று கூவினார் ஊசிமுத்து.

பெயர்கள் வந்தன. குதிக்கும் பிரிவுத் தலைமை: தாவுராயன். உருளும் பிரிவு: தாவுராயன் மச்சான். பூ மாரி: தாவுராயன் மச்சினி. வாழைப்பழம் வழங்கியவர், வெயிலுக்குக் குடை பிடித்தவர், குடை பிடித்தவருக்கு முதுகு சொறிந்தவர் என்று நாற்பது மந்திகள் மேலே ஏறிப் போயின. கட்டக் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. "கதை: வழிவழியாக வருவது."

ஊசிமுத்து அதை மூன்று தடவை படித்தார். நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு பக்கத்தையாவது படித்திருக்கலாம். பாவம், அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. கொடுவரியார் எழுந்து நின்று சோம்பல் முறித்தார். நான்கு மாத எலும்புகள் மளமளவென்று நெட்டி விட்டன. பிறகு வாயிலிருந்ததைத் துப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"பூசணிக்காய்ங்க," என்றது நீர்நாய்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு... மூணு மாசமாங்க," என்று சொல்லும்போதே நீர்நாய் பாதிக் குட்டையைக் கடந்திருந்தது. முயல், மான், காட்டுப்பன்றி எல்லாம் புழுதி கிளப்பிக்கொண்டு மறைந்தன. நொச்சி மட்டும் நின்றாள். ஓடி என்ன ஆகப்போகிறது?   கொடுவரியார் அவளை நோக்கி நிதானமாக நடந்து வந்தார். அவரும் அவசரப்படவில்லை. அவசியம் இல்லையே.

அவர் எழுந்தபோது கீழே விழுந்திருந்த பெட்டியில் அப்போது ஒரு வரி மின்னி மின்னி மறைந்தது. நொச்சி அதைப் படித்தாள்.

"ஐயா, என்னைத் தின்னுக்கோங்க. அதுக்கு முன்னாடி பெட்டியில என்னமோ எழுதியிருக்கு, அதைப் பார்த்துடுங்க."

"நீயே படி."

"குட்டிகளுக்கான ஆட்டம் முடிந்தது. பெரியவர்களுக்கான ஆட்டத்தைத் தொடங்கலாமா?"



"குட்டிகளுக்கா?" என்றார் கொடுவரியார்.

"அப்படித்தாங்க போட்டிருக்கு."

"நாலு மாசம் நான் ஆடினது குட்டிங்க ஆட்டமா?"

"கீரிக்குட்டி, முயல்குட்டிங்க ஆடுறதுக்காம்."

புலி சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இது வேற யாருக்காவது தெரியுமா?"

"இங்க யாருக்கும் தெரியாதுங்க. மேற்குக் காட்டுக் கரடியார்தான் பெரியவங்க ஆட்டத்துல அஞ்சாவது குகைக்குப் போயிட்டாராம். நீங்க எதுல இருக்கீங்கன்னு விசாரிச்சாராம்."

இது வடிகட்டின பொய். மேற்குக் காட்டுக்கு இன்னும் பெட்டியே போய்ச் சேரவில்லை. ஆனால் கொடுவரியாருக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கரடி அஞ்சாவது குகையிலா? அவர் திரும்பிப் போய்த் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சந்தாங்க. ஏத்திட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வா. நொண்டிக்கிட்டு நிக்காதே."

பெரியவர்களுக்கான ஆட்டத்தில் நாகத்துக்குப் பதினெட்டுத் தலை. முதல் ஒன்பது அழும். மற்ற ஒன்பதும் அந்த அழுகையை நம்பாது. மறு கோடையில் ஏழாவது குகையில் மறுபடி மாட்டிக்கொண்ட கொடுவரியார் ஊசிமுத்துவை வரவழைத்து, தானாகவே மூன்று தடவை உம் கொட்டிப் பார்த்தார்.

ஊசிமுத்து கும்பிடு போட்டார். "எனக்கு என்னங்கய்யா தெரியும்? அது என் கதையா? வழிவழியா வருதாம். அந்த வழியிலயே போய்க் கேளுங்க."

சொல்லிவிட்டுக் குட்டைக் கரைக்குப் போய்ப் புதுக்கதை ஒன்றைத் தொடங்கினார், நாற்பது மந்திகள் ஒவ்வொன்றாக முதலைக்கு இரையாகிற கதை. முன்வரிசையில், முன்பு புலி உட்கார்ந்த இடத்தில், நொச்சி கோணல் காலை நீட்டி உட்கார்ந்து உம் கொட்டினாள். அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக ஒரு கதையைக் கடைசிவரை கேட்டாள்.

நீதி: விளையாடிக்கொண்டிருப்பவரை ஒருபோதும் எழுப்பாதீர்கள், எழுந்தால் அவருக்குப் பசிக்கும்.